வெண்டல் ஹாகன் செய்த கட்டைவிரல் ஆராய்ச்சி

மனித குலத்துக்குக் கைம்மாறு கருதாமல் உழைத்தவர்கள் யார் யார் என்று யோசித்தால், அம்மைக்கு ஊசி கண்டுபிடித்தவர், தீக்குச்சி கண்டுபிடித்தவர், அவர்களுக்கு அடுத்தபடியாக வெல்டன் நகரத்து வெண்டல் ஹாகன் என்றுதான் சொல்லவேண்டும். முதல் இரண்டு பேருக்காவது கொஞ்சம் பெயராசை இருந்திருக்கலாம். ஹாகனுக்கு அதுகூடக் கிடையாது. வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம், சொந்தக் கார் ஷெட்டில், சொந்த நாற்காலியில் உட்கார்ந்து, சனிக்கிழமை ஆட்டத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் பந்தை எப்படி எறிந்திருக்க வேண்டும் என்று உலகத்துக்கு இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம் என்றால் இன்டர்நெட்டில் கேட்கிற வெல்டன்காரர்கள்.

வெல்டனில் ஒரு கல்லூரி உண்டு. அங்கே பாடமும் நடக்கிறது என்று கேள்வி. ஊர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் கல்லூரியின் கால்பந்து அணி, ‘நாரைகள்’. கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. பெரும்பாலும் கையால்தான் ஆடுவார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பெயர் என்று வெல்டனில் யாரையும் கேட்டுவிடாதீர்கள், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஜெயித்தால் அவன் எல்லாரோடும் சேர்ந்து ஜெயிப்பான். தோற்றால் தனியாகத் தோற்பான். இரண்டு வருஷமாக இந்தப் பாக்கியம் பெற்றிருந்தவன் டோபின் ஷ்ராக். ஒல்லி, உயரம், பன்றிப் பண்ணைக்காரர் மகன், யார் எதிரே வந்தாலும் ‘சார்’ போடுகிற பையன்.

இவனை எடைபோட ஹாகனுக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். கேட்டவர்களுக்கு அவரே நிகழ்ச்சியில் பதில் சொல்லியிருக்கிறார்.

“நான் பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் ஆடியிருக்கேன். ஆடினேன்னா, பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு தடவை உள்ள ஓடினேன். ஏற்கெனவே பதினோரு பேர் இருந்தாங்க, நான் பன்னிரண்டாவது. அபராதம் போட்டாங்க. அந்த ஆட்டத்துல என் பேரு மைக்குல வந்தது எனக்கும் எங்கம்மாவுக்கும் மட்டும்தான் சந்தோஷம்.”

இப்படித் தன்னையே கிண்டலடித்துக்கொள்ளத் தெரிந்தவர் பேச்சை ஊர் நம்பாமல் என்ன செய்யும்? பகலில் அவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஆலங்கட்டி மழையில் நசுங்கின கார்களின் கூரை மேல் ஏணி போட்டு ஏறிப் பள்ளம் எண்ணுவார். சாயங்காலமானால் ஞானம்.

நிகழ்ச்சிக்குப் பெயர் ‘நாரைக் கூடு’. கூட்டில் இன்னொரு நாரையும் உண்டு. ஹாகனின் மனைவி ஜோனெலுடைய தம்பி, லைல். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன். அவன் கருத்துகளும் அந்தப் பெட்டி மாதிரிதான், திறந்தால் விளக்கு எரியும், மூடினால் அணைந்துவிடும். அதனால்தான் விவாதத்துக்கு அவனைவிட்டால் ஆள் கிடையாது. இவர்கள் இரண்டு பேரும் கடைப்பிடித்த முறை ஜனநாயகத்துக்கே முன்மாதிரி. ஒலிபரப்புக்கு முன்னால் பீர் பாட்டில் மூடி ஒன்றைச் சுண்டிப் போடுவார்கள். நிமிர்ந்து விழுந்தால் ஷ்ராக்கை ஹாகன் தாக்குவார், லைல் தாங்குவான். கவிழ்ந்து விழுந்தால் மாற்றி. எந்தப் பக்கம் வந்தாலும் இரண்டு பேருக்கும் அது பிறந்ததிலிருந்து வந்த கொள்கை போல நெஞ்சு புடைக்கும்.

அந்த வருஷம் நாரைகள் தொடர்ந்து தோற்றார்கள். ஷ்ராக் எறிந்த பந்துகள் எதிரணிக்காரர்கள் மடியில் போய் விழுந்தன. பையன் வேண்டாம், அடுத்தவனை இறக்கு என்று ஊரே ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. விவாத நிகழ்ச்சிக்கு இதைவிடக் கெடுதல் வேறென்ன? எல்லாரும் ஒத்துப்போனால் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்பவர்கள் குறைந்தார்கள். நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கிற கோழிச் சிறகுக் கடைக்காரி கெர்ட்டா, “என்ன வெண்டல், உங்க நிகழ்ச்சியில இப்ப சண்டையே இல்லையே? சண்டை இருந்தாத்தான் ஜனங்களுக்குப் பசிக்கும்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

இந்த நெருக்கடியில் வந்து நின்றது பால்கேன் வாரம்.

பால்கேன் என்றால் துருப்பிடித்த பழைய பால்கேன்தான். பக்கத்து ஊர் ஹார்மன் கல்லூரிக்கும் வெல்டனுக்கும் வருஷா வருஷம் நடக்கிற ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஓட்டை. பால் நிற்காது. ஆனால் அது ஹார்மன்காரன் கையில் இருக்கிற வருஷம் வெல்டனில் கல்யாண வீட்டில்கூட யாரும் மனசாரச் சிரிப்பதில்லை. ஆறு வருஷமாக அது ஹார்மனில்தான் இருந்தது.

வியாழக்கிழமை பாட்டில் மூடி கவிழ்ந்து விழுந்தது. ஷ்ராக்கைத் தாங்க வேண்டியது ஹாகன்.

“மச்சான், உன் தலையெழுத்து” என்றான் லைல். “அவனைத் தாங்கறதும் எங்க வீட்டு பேஸ்மென்ட்ல தண்ணி வர்றதைத் தாங்கறதும் ஒண்ணு.”

“பேசாம பாருடா. இன்னிக்கு ஊரையே திருப்பிக் காட்டறேன்” என்றார் ஹாகன்.

சும்மா சொல்லவில்லை. அன்று மத்தியானமே லீவு போட்டுவிட்டு, போன வார ஆட்டத்தின் வீடியோவை ஓட்டி, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டிப் பார்த்திருந்தார். மகளுடைய பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து டிவி திரையில் வைத்து ஷ்ராக்கின் மணிக்கட்டை அளந்திருந்தார். இதற்கு ‘மணிக்கட்டு நேர்மை’ என்று ஒரு பெயரும் வைத்திருந்தார். உலகத்தில் வேறு யாரும் அதை அளந்ததில்லை. என்னவென்று யாருக்கும் தெரியாததால், தப்பு என்று சொல்லவும் ஆளில்லை.

ஒலிபரப்பு ஆரம்பித்தது. ஹாகன் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு, “வெல்டன் மக்களே, டோபின் ஷ்ராக்தான் நமக்குப் பால்கேனைக் கொண்டுவரப் போறான்” என்றார். போன் வரிசையாக அடிக்க ஆரம்பித்தது. திட்டுவதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஹாகனுக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாவதோ நாலாவதோ போனில் ஒரு தயங்கிய குரல் வந்தது.

“வணக்கம் சார். நான்... மில் தெரு கூப்பர் பேசறேன்.”

விளம்பரம் முடிகிறவரைக்கும் சேதியைப் பிடித்து வைத்திருக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறோம். மில் தெருவில் கூப்பர் என்று யாரும் இல்லை. பேசினது டோபின் ஷ்ராக். கல்லூரி விடுதி மாடிப்படிக்கு அடியில், வலது கையை ஐஸ் மூட்டைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையில் போனைப் பிடித்து நின்றிருந்தான். சனிக்கிழமை ஆடுவதா, வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை காலைக்குள் அவன் கோச்சிடம் சொல்லியாக வேண்டும். இது ஹாகனுக்குத் தெரியாது. லைலுக்கும் தெரியாது.

“சொல்லு தம்பி.”

“ஷ்ராக் பத்தி ஒரு சந்தேகம் சார். அவனுக்குக் கையில அடின்னு வச்சுக்குங்க...”

“வச்சுக்க மாட்டேன்” என்றார் ஹாகன்.

“இல்ல சார், ஒரு பேச்சுக்கு. வலது கைக் கட்டைவிரல். அழுத்தினா பக்கவாட்டுல வளையுது. பந்தைப் பிடிச்சா பிடிப்பு நிக்கல. அப்படின்னா அவன் உட்கார்றதுதானே நியாயம்?”

“தம்பி, நீ போன வாரத்து வீடியோ பார்த்தியா?”

“வீடியோ... இல்ல சார், பார்க்கல.”

லைல் ‘ஹா!’ என்று தொடையில் அடித்தான். எதிர்க்கட்சியாக இருந்தாலும் நல்ல அடி விழுந்தால் ரசிக்கிற பண்பு அவனுக்கு உண்டு.

“பார்க்காம எப்படிப் பேசறே?” என்றார் ஹாகன்.

“எனக்குத் தெரியும் சார்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆதாரம் என்ன?”

“வலிக்குது சார்.”

“யாருக்கு?”

போனில் ஐஸ் உருளுகிற சத்தம் கேட்டது.

“அவனுக்கு.”

“அவனுக்கு வலிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன அவனா?”

“...இல்ல சார்.”

“பின்னே! தம்பி, கோபிச்சுக்காதே. நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கேன். கோணமானி வச்சு அளந்திருக்கேன். மணிக்கட்டு நேர்மை முதல் பாதியிலயும் ரெண்டாம் பாதியிலயும் ஒரே அளவு. அடிபட்ட கை அப்படி இருக்காது. அவன் கட்டைவிரல்ல ஒரு கோளாறும் கிடையாது. பந்து நழுவறது கையால இல்லை, மனசால.”

“மனசாலயா சார்?”

“மனசால. பயம். அவ்வளவுதான்.”

“நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்” என்று குறுக்கே புகுந்தான் லைல். “அவன் உட்காரணும்தான். ஆனா கை சரியில்லாததால இல்ல. கை ஜம்முன்னு இருக்கு. அவனுக்கு ஆடத் தெரியலை, அதான்.”

ஆக, இரண்டு நிபுணர்களும் எதிரெதிர்க் கட்சியிலிருந்து பேசினாலும், கை நன்றாக இருக்கிறது என்ற விஷயத்தில் ஒருமனதாக இருந்தார்கள். மாற்றுக் கருத்து சொன்னது கைக்குச் சொந்தக்காரன் ஒருவன்தான். அவனும் வீடியோ பார்க்கவில்லை.

“சார், கடைசியா ஒண்ணு” என்றது குரல். “அவன் வலிக்குதுன்னு சொல்லி உட்கார்ந்துட்டா ஜனங்க என்ன சொல்வாங்க?”

“பால்கேன் வாரத்துலயா? பயந்தாங்கொள்ளின்னு சொல்வாங்க. அவனுக்கு வக்காலத்து வாங்கற நானே சொல்வேன்.”

“சரி சார். நீங்க பார்த்திருக்கீங்க. நான் பார்க்கலை.”

“அதான் தம்பி வித்தியாசம். போன் பண்ணினதுக்கு நன்றி. கெர்ட்டா கடையில கோழிச் சிறகு ஒரு தட்டு வாங்கினா ஒரு தட்டு இலவசம்.”

வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவருகே ஜோனெல் நின்றிருந்தாள். குளிர் வந்துவிட்டது, காரை உள்ளே விட ஷெட்டை எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்க வந்தவள். விளம்பரம் ஓடும்போது மெதுவாகச் சொன்னாள்: “ஏங்க, அந்தக் கூப்பர் குரல் கேட்டீங்களா? அழற மாதிரி இருந்துச்சு.”

“வாதத்துல தோத்தா அப்படித்தான் இருக்கும்” என்றார் ஹாகன்.

“வாதம் பண்ணின மாதிரி இல்லையே. கேட்ட மாதிரியில்ல இருந்துச்சு.”

“ஜோனெல், இது விளையாட்டு நிகழ்ச்சி. மன ஆறுதல் நிகழ்ச்சி சர்ச்சுல நடக்குது.”

லைல் விழுந்து விழுந்து சிரித்தான். ஜோனெல் போய்விட்டாள். அன்றைக்குக் ‘கூடு’ இதுவரை காணாத கூட்டத்தைக் கண்டது. கூப்பர் மடக்கப்பட்ட அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் பரப்பினார்கள். ‘நீ என்ன அவனா?’ என்ற ஹாகனின் கேள்வியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுச் சிரித்தார்கள். பள்ளம் எண்ணப் போன இடத்தில் கார்க்காரர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்” என்றார். கார்க் கூரை மேல் நின்றபடி ஹாகன் அதை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கல்லூரி அறிவித்தது. சனிக்கிழமை ஷ்ராக்தான் ஆடுகிறான்.

சனிக்கிழமை விடிந்ததும் வெல்டன் ஜனங்கள் மைதானத்துக்கு வெளியே வண்டிகளை நிறுத்தி, பின்கதவைத் திறந்து போட்டு, அடுப்பு மூட்டிவிட்டார்கள். சாஸேஜ் கருகுகிற புகையில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. ஹாகனை எல்லாருக்கும் தெரிந்தது. வண்டிக்கு வண்டி நிறுத்தி முதுகில் தட்டினார்கள், கையில் பீரைத் திணித்தார்கள். “வெண்டல், கட்டைவிரல் எப்படி இருக்கு?” என்று கத்தினார் ஒருவர். “என்னோடதா, அவனோடதா?” என்றார் ஹாகன். இரண்டுமே தன் பொறுப்பில் இருப்பது போலத்தான் அவருக்குத் தோன்றியது.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்தை முன்னே கொண்டுபோக ஹார்மன்காரர்கள் மூன்றாவது முயற்சிக்கு வந்து நிற்கும்போதெல்லாம் வெல்டன் பக்கத்து ஜனம் மொத்தமும் நாரை போல ஒற்றைக் காலில் நிற்கும். அது ஊர் வழக்கம். எதிரணி பயந்துவிடும் என்று நம்பிக்கை. ஹாகனும் லைலும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முட்டி வலித்தது. ஊருக்காக நின்றார்கள்.

ஷ்ராக் நன்றாகத்தான் எறிந்தான். நன்றாக என்றால், தூரம் எறியவில்லை, கிட்டக் கிட்ட எறிந்தான். அணி வட்டமாகக் கூடிப் பேசும்போதெல்லாம் வலது கையை உதறிக்கொண்டே இருந்தான்.

“ஏன்டா உதறிக்கிட்டே இருக்கான்?” என்றான் லைல்.

“தந்திரம். கை வலிக்குதுன்னு ஹார்மன்காரன் நினைக்கட்டும்னு பண்றான். கெட்டிக்காரப் பய” என்றார் ஹாகன்.

லைல் பிரமித்துப் போனான். நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் தோன்றவே தோன்றாது.

ஆட்டம் முடிய நொடிகளே பாக்கி. வெல்டன் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. ஷ்ராக் பின்னால் நகர்ந்தான், இரண்டு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள், விழுகிற நேரத்தில் எறிந்தான். பந்து காற்றில் தள்ளாடித் தள்ளாடிப் போய், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வெல்டன் நாரை ஒருவனின் நெஞ்சில் விழுந்தது. ஆறு புள்ளி. மைதானம் வெடித்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு பால்கேன் வெல்டனுக்கு வந்தது. ஹாகன் அழுதார். லைல் அவரைக் கட்டிக்கொண்டு, “மச்சான், நீதான்டா! நீதான்டா!” என்று கத்தினான். சுற்றிலும் இருந்தவர்கள் ஹாகனைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை, இறக்கிவிட்டார்கள்.

கீழே ஆட்டக்காரர்கள் பால்கேனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஷ்ராக் மட்டும் தூக்கவில்லை. வலது கையை இடது கையால் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தலை குனிந்து, ஓரமாக நடந்து போனான்.

“பாரு, பாரு” என்றார் ஹாகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவ்வளவு சாதிச்சுட்டுக் கையைக்கூடத் தூக்கலை. என்ன அடக்கம்!”

திங்கட்கிழமை கல்லூரி சுருக்கமாக ஓர் அறிக்கை விட்டது. டோபின் ஷ்ராக்கின் வலது கட்டைவிரலில் தசைநார் முழுவதுமாக அறுந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தது. இந்த வருஷம் ஆடமாட்டான். அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை.

ஹாகன் ஆடிப்போனார் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆபீஸில் ஒரு மணி நேரம் போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டார். கடைசி எறியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, கோணமானியை வைத்து, கட்டைவிரல் நார் அந்தக் கடைசி எறியில்தான் அறுந்தது, அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபித்தார். ஜோனெல் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், “யாருக்கு நிரூபிக்கிறீங்க?” ஹாகன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை ‘நாரைக் கூடு’ கெர்ட்டாவின் கடையிலிருந்து நேரடியாக ஒலிபரப்பானது. பால்கேன் ஊரில் கடை கடையாகச் சுற்றி அன்று அங்கே வந்திருந்தது. ஜனங்கள் அதைத் தொட்டுவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, சிறகு சாப்பிட்டார்கள். சிறப்பு விருந்தாளி டோபின் ஷ்ராக். முழங்கைவரை கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு, நீட்டுகிற தொப்பியில் எல்லாம் இடது கையால் கிறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையெழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டது போல இருந்தது. அதனாலேயே அதற்குக் கிராக்கி.

ஹாகன் அவனை இதற்கு முன் கிட்டத்தில் பார்த்ததில்லை. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கன்னத்தில் பரு. இந்தப் பையனைப் பற்றியா இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

“சார், மைக்கை இன்னும் கிட்ட வச்சுக்கணுமா?” என்றான் பையன்.

ஹாகன் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோம். எங்கே என்று யோசிப்பதற்குள் லைல், “ஒலிபரப்பு போயிட்டிருக்கு, பேசு மச்சான்” என்று இடித்தான்.

எழுதிக்கொண்டு வந்த கேள்வியைத்தான் ஹாகன் கேட்டார். “டோபின், வெல்டன் மக்கள் சார்பா கேக்கறேன். அந்தக் கையோட களத்துல இறங்கறதுக்கு உனக்குத் தைரியம் கொடுத்தது யாரு?”

கோச் என்பான், அம்மா என்பான், கடவுள் என்பான். எதைச் சொன்னாலும் கைதட்டலாம் என்று ஜனம் தயாராக இருந்தது.

“நீங்கதான் சார்” என்றான் டோபின்.

கடை அதிர்ந்தது. லைல் எழுந்து நின்று கைதட்டினான். கெர்ட்டா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவுப் பக்கம் நின்ற ஜோனெல் மட்டும் தட்டவில்லை. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சார் மில் தெரு கூப்பர்” என்றான் பையன். மரியாதையாகத்தான் சொன்னான். “அன்னிக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்துட்டு, ஆடினா நார் அறுந்துடும், வேண்டாம்னு சொல்லிட்டாரு. கோச், உன் இஷ்டம்டா, நீ சொல்றதுதான்னு சொல்லிட்டாரு. எங்கப்பா ஒண்ணுமே சொல்லலை. நாரைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. யாரைக் கேக்கறதுன்னு தெரியலை. அதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க உட்காரட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா உட்கார்ந்துடலாம்னு இருந்தேன்.”

கைதட்டல் ஒவ்வொரு மேஜையாக நின்றது. சிறகு கடிக்கிற சத்தமும் நின்றது.

“தம்பி” என்றார் ஹாகன். மைக் திறந்திருப்பதை மறந்துவிட்டார். “நான்தான் ஷ்ராக்னு நீ சொல்லியிருக்கக்கூடாதா?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா சார்?”

பள்ளம் எண்ணுகிறவர் பொய் எண்ணமாட்டார்.

“மாட்டேன்” என்றார். “முதல்ல வீடியோவைப் போய்ப் பாருன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் சார். டாக்டர் ஒரு தடவைதான் பார்த்தாரு. நீங்க அவ்வளவு தடவை பார்த்ததா சொன்னீங்க. என் கையைப் பத்தி என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கேன்னு நம்பிட்டேன்.”

லைல் பால்கேனைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விளம்பரத்தைப் போட்டான். ஒரு தட்டு வாங்கினால் ஒரு தட்டு இலவசம் என்று கெர்ட்டாவின் குரலே கடைக்குள் எதிரொலித்தது. தொப்பி நீட்டிக்கொண்டு நின்ற ஒருவர், “அப்ப அடுத்த சனிக்கிழமை யாரு எறியப்போறா?” என்று பக்கத்து ஆளைக் கேட்டார். ரகசியமாகத்தான் கேட்டார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ஹாகன் நாற்காலியை விட்டு எழுந்து பையன் எதிரே போய் நின்றார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி வலது கையை நீட்டினார்.

டோபின் எழுந்தான். வழக்கமாக நீட்டவேண்டிய கையை நீட்ட முடியாததால், சாஸ் ஒட்டியிருந்த இடது கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினான்.

“இதையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க சார்” என்றான். “இது நல்லா இருக்கா?”